அருந்ததி கண் திறக்கவில்லை

அத்தியாயம் 5

சித்திரைப் பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் அவசரமாக ஒரு இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷாஹீனுக்கு அன்று காலையிலிருந்தே தன் புத்தியின் மேல் சந்தேகம்தான்.

செங்கம் ரோடு முனையில் பேரிகேட் போட்டு நின்ற போலீஸ்காரர் ஸ்கூட்டரை ஓரங்கட்டச் சொன்னார். அவள் தன் அடையாள அட்டையை நீட்டினாள். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பிரஸ்ஸா மேடம்?"

"டிடெக்டிவ்."

"அப்போ நடந்தே போங்க. தடயம் எல்லாம் கீழதானே கிடக்கும்."

பின்சீட்டிலிருந்து இறங்கிய குமரேசன் பலமாகத் தலையாட்டினான். "தொழில் தெரிஞ்ச ஆளு மேடம். நம்ம ஆபீஸ்ல சேத்துக்கலாம்."

ஷாஹீன் அவனை முறைத்தாள். தேரடி வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவளுடைய துப்பறியும் நிலையம் இருக்கிறது. மாப்பிள்ளை குடிப்பாரா, மாமியார் கெடுபிடியா என்று விசாரித்துச் சொல்வதுதான் பெரும்பாலும் வேலை. குமரேசன் கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். வேன் கடனில் போனதும் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டான். கை சுத்தம், வாய்தான் ஓயாது.

வெயில் மண்டையைப் பிளந்தது. கிரிவலம் போகும் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நகர்ந்தது. அவளுக்கு முன்னால் ஒரு குடும்பம் கைகோத்துக்கொண்டு ஊர்வலமாகப் போனது, விலகவும் இல்லை, வேகமாக நடக்கவும் இல்லை. எரிச்சலில் அவள் காலையில் நடந்ததை மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

வேங்கிக்காலில் ஆதிமூலத்தின் வீடு. மூடிப்போன ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலையை மூடியபோது எல்லோரும் மேஜை, நாற்காலி, பீரோ என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போக, இவர் மட்டும் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெயர் அருந்ததி. கிண்டியில் இரண்டு இன்ஜினியர்கள் சேர்ந்து நாற்பது வருஷத்துக்கு முன்னால் செய்தது. கம்பெனி கொஞ்ச நாளில் படுத்துவிட்டது. அந்தக் காலத்திலேயே திரையில் தமிழ் எழுத்து காட்டிய பெட்டி. இன்று இந்தியாவில் உயிரோடு இருக்கிற ஒரே அருந்ததி அதுதான் என்று பெங்களூரில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தார் சொல்கிறார்கள். நாளைக் காலை அவர்கள் வருகிறார்கள். ஓட்டிக் காட்டினால் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, பக்கத்தில் ஆதிமூலத்தின் பெயரையும் பொறிப்பார்கள்.

துருப்பிடித்துக் கிடந்த அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுத்தவர் கீழ்பென்னாத்தூர் டி.வி. மெக்கானிக் தசரதன். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, வெடித்த கெப்பாசிட்டரை மாற்றி, அறுந்த தடங்களைப் பற்றவைத்து, ஒரு நாள் திரையில் பச்சை எழுத்தில் 'வணக்கம்' என்று வரவைத்தார். அன்றைக்கு ஆதிமூலம் அழுதே விட்டாராம்.

போன வாரம் அருந்ததி செத்துப்போனது. திரையில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. டவுனிலிருந்து வந்து பார்த்த ஒருவர், உள்ளே இருக்கிற முக்கியமான ஐசி சில்லு வெறும் காலி என்று சொல்லிவிட்டார். பெட்டியின் மொத்தப் புரோகிராமும், அந்தத் தமிழ் எழுத்துகளும் அந்த ஒரு ஐசிக்குள்தான் இருந்தன.

"தசரதன் மாத்திட்டான்!" என்று ஆதிமூலம் காலையில் கத்தினார். "அசலை எடுத்துட்டு காலியை சொருகிட்டான். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கிற ஒரு வெள்ளைக்காரனை கூட்டிட்டு வந்து காட்னான். அவன் சுத்திச் சுத்தி போட்டோ எடுத்தான். அதோட தசரதன் வர்றதையே நிறுத்திட்டான். அந்த வெள்ளைக்காரனுக்குத்தான் வித்திருப்பான். சாயந்தரத்துக்குள்ள ஐசி வரலன்னா ஸ்டேஷனுக்குப் போறேன்."

அவருடைய மனைவி சரோஜா காபி கொடுத்துக்கொண்டே முணுமுணுத்தார். "அந்த மனுஷன் அப்படிப்பட்டவர் இல்லீங்க."

சுவர் முழுக்க ஆலை கொடுத்த பாராட்டுக் கடிதம், பையனின் மார்க் ஷீட், கரண்ட் அட்டை, ரேஷன் கார்டு எல்லாம் லேமினேஷன் போட்டு மாட்டியிருந்தன. "காபியைக் குடிச்சிட்டு சீக்கிரம் எழுந்திருங்க மேடம்," என்று குமரேசன் காதைக் கடித்தான். "கொஞ்சம் லேட்டானா நம்மளையும் லேமினேஷன் போட்டுருவாரு."

அந்த வெள்ளைக்காரரைத் தேடித்தான் இந்த வெயிலில் இந்த நடை. ரமணாசிரமத்தைத் தாண்டி மூன்று விடுதியில் கேட்டார்கள். முதல் விடுதியில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். அடுத்ததில், அப்படித்தான் எல்லோருமே இருக்கிறார்கள் என்றார்கள். மூன்றாவதில் இருந்த பெண், மாடிக் கஃபேயில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் இத்தாலிக்காரர் பாவ்லோவைக் கைகாட்டினாள்.

பாவ்லோவுக்குப் பல வருஷமாக இங்கே வந்து போகிற பழக்கம். தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது.

"ஐசி என்கிட்ட இல்ல அம்மா. சத்தியமா இல்ல. தசரதன் அண்ணா ஃபைல் மட்டும் குடுத்தார்."

"என்ன ஃபைல்?"

அவர் உற்சாகமாக லேப்டாப்பைத் திருப்பினார். ஒரு பொத்தானைத் தட்டினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் 'வணக்கம்' என்று வந்தது. 'ண'வின் சுழி கொஞ்சம் கோணலாக, யாரோ கையால் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தது போல இருந்தது.

"மேடம், கும்புடுது!" என்றான் குமரேசன்.

"ஐசி உள்ளே இருக்கிறது எல்லாம் இதிலே இருக்கு," என்றார் பாவ்லோ. "காப்பி. ரொம்ப அழகு, இல்ல?"

ஷாஹீனுக்கு ஆத்திரமாக வந்தது. வெயிலில் செருப்பு தேய இவ்வளவு தூரம் வந்தது ஒரு பொருளைத் தேடி. கையில் கிடைத்ததோ படம். அதுவும் தசரதனை மாட்டிவிடுகிற படம். பெட்டியிலிருந்து ஒரு எழுத்தைக்கூட யாரும் காப்பி எடுக்கக் கூடாது என்று ஆதிமூலம் ஆரம்பத்திலேயே உத்தரவு போட்டிருந்தார். காப்பி ஊர் பூராவும் சுற்றினால் அசலுக்கு என்ன மரியாதை என்பது அவர் கட்சி. தசரதன் அவருக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார் என்று தெரிந்தால், புகாரில் அதுவும் ஒரு வரியாகச் சேரும்.

"இத பாருங்க," என்றாள். "சாயந்தரம் போலீஸுக்குப் போறாங்க. இது உங்க லேப்டாப்புல இருந்தா உங்க பேரும் அதுல வரும். அப்புறம் விசா கிசான்னு நீங்க அலையணும். பேசாம அழிச்சிடுங்க."

விசா என்றதும் பாவ்லோவின் முகம் வெளுத்துவிட்டது. "அழிக்கணுமா?"

"மேடம், அது நமக்கு சாட்சி ஆச்சே," என்றான் குமரேசன்.

"இன்னா சாட்சி? தசரதனை உள்ள தள்ளத்தான் சாட்சி. நமக்கு வேண்டியது ஐசி. நீ சும்மா இரு."

பாவ்லோ மனசில்லாமல் அழித்தார். ஷாஹீனுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள். வேறு எங்கேயும் எடுத்து வைக்கவில்லை, பென் டிரைவைத் தசரதன் அண்ணாவே வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று அவர் மேலேயிருந்து சொன்னதும் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

திரும்புகிற வழி இன்னும் மோசம். போகும்போது கூட்டத்தோடு போனார்கள், இப்போது மொத்தக் கூட்டமும் எதிரில் வந்தது. "இன்னாம்மா, சாமியை அப்பிரதட்சிணமா சுத்துறே?" என்று ஒரு பெரியவர் திட்டினார். குமரேசன் வழியெல்லாம் "வேலைங்க, வேலை" என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். இருந்த ஒரே துப்பும் புஸ்ஸென்று போய்விட்டது. ஷாஹீனுக்கு யாரையாவது நாலு வார்த்தை கேட்டால்தான் ஆறும் போலிருந்தது.

ஸ்கூட்டரை எடுத்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வேங்கிக்கால் வந்து சேர்ந்தபோது தசரதன் ஏற்கெனவே வந்திருந்தார். ஆதிமூலம் ஃபோன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் உட்காரச் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், டூல்ஸ் பையை மார்போடு பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

"கிடைச்சுதா?" என்றார் ஆதிமூலம்.

"இல்ல சார். அவர்கிட்ட ஐசி இல்ல."

"அப்போ இவன் வேற எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கான். நான் சட்டையை மாட்டிட்டுக் கிளம்பறேன்."

தசரதன் கும்பிடாத குறையாக ஷாஹீனைப் பார்த்தார். "மேடம், நான் வீடு வீடா போய் டி.வி. திறக்கிறவன். ஆளு இல்லாத நேரத்துல சாவியைக் குடுத்துட்டுப் போவாங்க. திருடன்னு ஒரு தபா பேர் வந்துடுச்சின்னா, எங்க ஊர்ல எவன் வீட்டுக்குள்ள விடுவான்? பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிருக்கேன்."

அவர் கண் கலங்கி, மூக்கு ஒழுகியது. பொய் சொல்கிறவர்களை ஷாஹீன் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கு இப்படி மூக்கு ஒழுகாது.

"அந்தக் காலி ஐசியை எடுத்துட்டு வாங்க," என்றாள்.

சரோஜா அதைப் பூஜை அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வந்தார். மரவட்டை போல வரிசையாகக் கால் வைத்த கறுப்புத் துண்டு. நடு முதுகில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். ஷாஹீன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் வரிசையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் கண்ணில் படாமல் போகாது. ஓரத்தில் ஒரு கால் மற்றதைவிட மெல்லிசாக, உருண்டையாக இருந்தது. அடியில் ஈயம் பொட்டு மாதிரி ஒட்டியிருந்தது.

"இந்தக் கால் ஏன் இப்படி இருக்கு?"

தசரதன் கதவோரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். "அது நான் வெச்ச காலு மேடம். போன தீபாவளி சமயத்துல கழட்டும்போது ஒடிஞ்சிருச்சு. வேற ஒரு பார்ட்டோட கம்பியை வெட்டி ஒட்ட வெச்சேன்."

"ஆமா," என்றார் ஆதிமூலம். "அன்னிக்கு நான்கூட பயங்கரமா திட்டினேன்." சொல்லி முடித்ததும் அவரே நின்றுவிட்டார்.

ஷாஹீனுக்கு அன்று முதல் முறையாக மனசு லேசானது. "அசலை எடுத்துட்டுக் காலியை வெக்கிற திருடன், அந்தக் காலியோட காலையும் ஒடிச்சு, கம்பியையும் ஒட்டி வெப்பானா சார்?"

"அப்படி வெச்சான்னா அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது," என்றான் குமரேசன். "ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்."

"இதுதான் அசல் சார். யாரும் மாத்தல. உங்க வீட்டை விட்டு எங்கயும் போகல."

ஆதிமூலம் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ உள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

தசரதன் மெல்லக் கிட்டே வந்தார். ஐசியைக் கையில் வாங்கவில்லை, குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறிப்போனது.

"சார், இது மேல இருந்த ஸ்டிக்கர் எங்க?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல ஆதிமூலத்தின் முகத்தில் பெருமை வந்தது. எழுந்து போய் பீரோவைத் திறந்து, ஒரு லேமினேஷன் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே நகத்தளவு கறுப்பு ஸ்டிக்கர். அதன் மேல் வெள்ளை மையில் 'அருந்ததி' என்று பொடி எழுத்து.

"அந்த இன்ஜினியர் தன் கையால எழுதினது. நாளைக்கு அவங்களுக்குக் காட்டறதுக்காக பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்."

"எப்போ சார் எடுத்தீங்க?" தசரதனின் குரல் இறங்கிவிட்டது.

"யுகாதிக்கு முன்னாடி. நீதானே சொன்னே, ஸ்டிக்கர் மேல கை படக் கூடாதுன்னு? வர்றவன் போறவன் எல்லாம் தொட்டுட்டா? அதான் உரிச்சு லேமினேஷன் போட்டேன்."

"அதுக்கப்புறம் பெட்டியை எங்க வெச்சிருந்தீங்க?"

"வராந்தாவுலதான். மூடியைக் கழட்டி, நாலு பேர் உள்ள பாக்கற மாதிரி. காலையில வெயில் அடிக்குதே, ஈரப்பதம் இல்லாம நல்லா இருக்கட்டும்னு கிரில் ஓரமா வெச்சேன்."

தசரதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பை கையிலிருந்து நழுவி, ஸ்க்ரூடிரைவர் உருண்டு சோபாவுக்கு அடியில் போனது.

"சார்... அந்த ஸ்டிக்கரு பேர் எழுதறதுக்கு ஒட்டினது இல்ல சார். ஜன்னலை மூடறதுக்கு ஒட்டினது. இந்த ஐசியை அழிக்கணும்னா அந்த ஜன்னல் வழியாத்தான் வெளிச்சம் அடிப்பாங்க. வெயில் பட்டா அதுவா கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிடும். நடுவுல எழுத்து ஒடஞ்சி ஒடஞ்சி வருதுன்னு ஃபோன்ல சொன்னீங்களே, அப்பவே போயினு இருந்திருக்கு. டி.வி. பொட்டியா நெனச்சி கேபிளைப் பாருங்கன்னு சொன்னேனே, என் புத்தியை..."

ஆதிமூலத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். வராந்தாவைப் பார்த்தார். நாற்பது வருஷம் தாங்கிய சாமானை, சுவரில் மாட்டியிருக்கிற ரேஷன் கார்டு மாதிரி பத்திரப்படுத்தப் போய், பங்குனி, சித்திரை வெயிலில் காயவைத்துக் கொன்றிருக்கிறார். அதற்குத் திருட்டுப் பட்டம் வேறொருவருக்கு.

"நானேவா?" என்றார். "நானேவா சரோஜா?"

சரோஜா தசரதனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "உட்காருங்க" என்று அந்த வீட்டில் அவரிடம் அன்று முதலில் சொன்னது அவர்தான். தரையில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்ச் சொன்னார்.

தசரதன் தண்ணீரைக் குடித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், நான் ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. நீங்க வேணாம்னு சொல்லியும் நான் ஒரு காப்பி எடுத்தேன். இந்த மாதிரி ஐசி எப்போ சாகும்னு சொல்ல முடியாது. மனசு கேக்கல. நேத்து நீங்க போலீஸ்னு சொன்னதும் பயந்துபோய் என்கிட்ட இருந்ததை பென் டிரைவோட சேத்து நெருப்புல போட்டுட்டேன். வீட்ல அழுதாங்க." சட்டென்று முகம் மலர்ந்தார். "ஆனா பாவ்லோகிட்ட ஒண்ணு இருக்கு சார்! அவரு உசுரு மாதிரி வெச்சிருப்பாரு. புது ஐசியில ஏத்திட்டா, நாளைக்கு காலையில பொட்டி ஓடும்."

ஆதிமூலம் துள்ளி எழுந்தார். "போங்க மேடம், உடனே போய் வாங்கிட்டு வாங்க! பெட்ரோல் காசு நான் தர்றேன்!"

குமரேசன் ஷாஹீனைப் பார்த்தான். ஓயாத வாய் முதல் முறையாக மூடியிருந்தது. ஏதாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

கும்பிட்ட அந்தத் திரையும், கோணல் சுழியும், காலியான குப்பைத்தொட்டியும் கண் முன்னால் வந்தன. பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்தான். ஆதிமூலமாவது தெரியாமல் செய்தார். 'எல்லாம் இதிலே இருக்கு' என்று ஒருத்தர் வாய்விட்டுச் சொன்ன பிறகு செய்தவள் இவள். ஒரு பொய்யை நினைத்தால் சொல்லலாம். ஆனால் அவள் தசரதன் பக்கம் திரும்பினாள்.

"அது இல்ல," என்றாள். "நான்தான் அழிக்கச் சொன்னேன். உங்களைக் காப்பாத்தறதா நெனச்சு, நின்னு அழிக்க வெச்சேன். குப்பையில இருந்ததைக்கூட விடல."

தசரதன் அவளைக் கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. அவர் வெறுமனே, "புது லேப்டாப்பா இருந்தா அழிச்சது சுத்தமா போயிடும், திரும்ப எடுக்கவும் முடியாது மேடம்," என்றார்.

வெளியே கிரிவலத்துக்குப் போகும் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஆதிமூலம் சட்டைக் கையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் பெங்களூர்க்காரர்களிடம் என்ன சொல்வது என்று அவர் கேட்கவில்லை. தசரதனின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

தசரதன்தான் எழுந்தார். பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து ஒரு துண்டு கிழித்தார். ஐசியின் ஜன்னல் மேல் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தினார்.

"டவுன்காரரு மிஷின்ல மேலோட்டமா படிச்சிட்டு காலின்னு சொல்லியிருப்பாரு சார். அடியில கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்தாலும் இருக்கும். வோல்டேஜைக் கம்மி பண்ணி, மெதுவா, திரும்பத் திரும்பப் படிச்சிப் பாக்கணும். சில சமயம் வரும். அதுக்கான மிஷின் என் வீட்லதான் இருக்கு." அவர் டேப்பைப் பைக்குள் போட்டார். "ராத்திரி பூரா இது என்கிட்ட இருக்கணும். நம்பிக் குடுப்பீங்களா சார்?"

ஆதிமூலத்தின் வாய் திறந்து மூடியது. மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடுகிறார் என்று ஷாஹீனுக்குப் புரிந்தது. அவளும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அவர் அந்த டப்பாவை எடுத்தார், ஐசியை உள்ளே வைத்து மூடினார், இரண்டு கையாலும் தசரதனின் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"காப்பி எடு தசரதா," என்றார். "எத்தனை வேணா எடு. உன்கிட்ட ஒண்ணு, அந்த இத்தாலிக்காரன்கிட்ட ஒண்ணு, ஊர்ல கேக்கறவனுக்கெல்லாம் ஒண்ணு குடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தசரதன் டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"மிச்சம் இருந்தா எடுக்கறேன் சார்."